வீட்டுக்கு ஒரு சுகந்தி

எங்க ஊர்ல ஒரு சமயம் எல்லா வீட்லயும் என் பொண்ணு சுகந்தி இருந்தா, எங்க வீட்லதான் இல்ல. நம்ப மாட்டீங்கன்னு தெரியும், நம்பாட்டி போங்க, எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா எங்க ஊர்க்காரங்க யாரையாவது பாத்தா கேட்டுப் பாருங்க. ஆமா, எங்க வீட்லயும் ஒருத்தி இருந்தா, சமையக்கட்டு வாசல்லயே நிப்பா, தேங்கா நல்லாத் துருவுவான்னு ஒருத்தராவது வெக்கமில்லாமச் சொல்லுவாங்க.

என் பேரு சந்தனமாரி. அரசாங்கப் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கிப் போடுறவ. முந்நூறு பிள்ளைங்க சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி என் தொண்டை தேர் இழுக்கறவன் தொண்டை மாதிரி ஆகிப்போச்சு, இப்ப நான் மெதுவாப் பேசினாலே சண்டை போடறேன்னு நினைப்பாங்க. அந்த வேலையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். சோறு போட்டுகிட்டு வரும்போது ஒரு பிள்ளை தட்டுக்கு மேல கைய விரிச்சா போதும்னு அர்த்தம், அதுக்கு மேல ஒரு கரண்டி போடக் கூடாது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் எனக்கும் புரிஞ்ச இந்த விஷயம், படிச்சு டை கட்டினவனுக்குப் புரியல பாருங்க, அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

பஜார்ல மூணு மாடிக்கு எந்திரிச்சு நிக்குதே பவளமாலை ஸ்டோர்ஸ், அங்க பில்லு போடற வேலைக்குப் போனா சுகந்தி. பில்லு போடற பிள்ளைங்களுக்கு அங்க ஸ்டூல் கிடையாது, கடை திறந்ததுலேர்ந்து ஷட்டர் இறங்கற வரைக்கும் நிக்கணும், உக்காந்தா அன்னிக்குச் சம்பளம் போச்சு. நின்னுகிட்டு பில்லு மட்டும் போட்டாப் போதுமான்னா அதுவும் இல்ல. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் போன் நம்பர் சொல்லுங்க மேடம்னு கேக்கணும், மெம்பர் கார்டு போட்டுக்கறீங்களா மேடம்னு கேக்கணும், கவுண்டர் ஓரத்துல குமிச்சு வச்சிருக்கற ஏதாவது ஒரு கண்றாவிய எடுத்து நீட்டி, இது இன்னிக்கு மட்டும் ஆஃபர்ல இருக்கு, எடுத்துக்கறீங்களா மேடம்னு கேக்கணும், கேக்கும்போது மூஞ்சில சிரிப்பு இருக்கணும். வேண்டாம்னு சொன்னா? கோகுல்ராம்னு அங்க ஒரு மேனேஜர், அவன் சட்டப்படி மூணு தடவ வேண்டாம்னு சொல்ற வரைக்கும் அது வேண்டாம் இல்லையாம்.

ஒருநா காலைல கடை திறக்கறதுக்கு முன்னால பிள்ளைங்கள வரிசையா நிறுத்தி அவன் சொல்லியிருக்கான், "இனிமே வேண்டாம்னு சொல்ற கஸ்டமர அப்படியே அனுப்பிடக் கூடாது, பொருளக் கையில வச்சுகிட்டு கூடவே போங்க, சரின்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க." ஒரு பிள்ளை கேட்டிருக்கா, "அப்ப கவுண்டர யாரு சார் பாத்துக்கறது?" "கவுண்டர விட்டு ஒரு அடி நகரக் கூடாது"ன்னு அதையும் அவனே சொல்லியிருக்கான். மத்த பிள்ளைங்க இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டாங்க, அதுங்களுக்குப் பிழைக்கத் தெரியும். என் பொண்ணு அப்படி இல்ல, சின்னதுலேர்ந்தே சொன்னதச் சொன்னபடி செய்யறவ. ரெண்டு உத்தரவு வந்துச்சு, ரெண்டுக்கும் கீழ்ப்படிஞ்சா.

அன்னிக்கு மொத ஆளா வந்தது பாங்க் ஆபீசர் சம்சாரம் கோமதியம்மா. துவரம்பருப்பு, சோப்பு, அப்பளம் எல்லாம் எடுத்துகிட்டு வந்து நின்னாங்க. சுகந்தி ரூமுக்கு அடிக்கற சென்ட் டப்பா ஒண்ண நீட்டினா. வேண்டாம்னாங்க, மறுபடி கேட்டா, வேண்டாம்மான்னாங்க, மறுபடி கேட்டா, ஒரு தடவ சொன்னாப் புரியாதான்னு எரிஞ்சு விழுந்துட்டு பையத் தூக்கிகிட்டுக் கிளம்பினாங்க. சுகந்தி கவுண்டர்லயே நின்னா. சுகந்தி சென்ட் டப்பாவக் கையில பிடிச்சுகிட்டு கோமதியம்மா பின்னாலயும் போனா. வாசல்ல நின்ன வாச்மேன் ரெண்டு பேரையும் பாத்தான், பாத்துட்டு வழக்கம்போல கோமதியம்மா பில்லுல ஓட்டை குத்தி சீல் வச்சு அனுப்பிட்டான்.

சாயங்காலத்துக்குள்ள எங்க ஊர் பூரா சுகந்தியா நின்னா. ஒருத்தர் வீட்ல பாத்ரூம் பிரஷ்ஷோட, ஒருத்தர் வீட்ல சாக்லேட் டப்பாவோட, ஒருத்தர் வீட்ல சொட்டைக்குப் போடற எண்ணெயோட நின்னா. எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே நீல யூனிபார்ம், ஒரே சிரிப்பு. திங்க மாட்டா, தூங்க மாட்டா, கூடத்துல நின்னுகிட்டு நேரத்துக்கு ஒருதரம், இன்னிக்கு மட்டும் ஆஃபர் எடுத்துக்கறீங்களா மேடம்னு மட்டும் கேப்பா. நாசமாப் போன ஊருங்க இது. ஒரு வயசுப்பொண்ணு வீட்டுக்குள்ள வந்து நிக்கறாளே, யாரு பெத்த பிள்ளை, சாப்பிட்டாளா, கால் வலிக்காதான்னு ஒரு நாய் கேக்கல. மொதநாள் முறைச்சுப் பாத்தாங்க. மறுநாள், சும்மாதான நிக்கற, இந்தப் பூண்ட உரின்னு குடுத்தாங்க. உரிச்சா. அவ்வளவுதான், ஊர் கண்டுபிடிச்சிருச்சு.

அதுக்கப்புறம் நடந்தத நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது. மாவாட்ட சுகந்தி, துணி துவைக்க சுகந்தி, ரேஷன் கடை வரிசையில நிக்க சுகந்தி, கரண்ட் ஆபீஸ் வரிசையில நிக்க சுகந்தி. உக்காரவே உக்காராத பொண்ணு வரிசைக்கு எவ்வளவு தோதுன்னு பேசிக்கிட்டாங்க. வீடு வாடகைக்கு, ரெண்டு ரூம், போர் தண்ணி, சுகந்தி உண்டுன்னு போர்டு தொங்கவிட்டாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க, உங்க வீட்ல சுகந்தி எத்தனைன்னு கூச்சப்படாமக் கேட்டாங்க. கோயில் திருவிழாவுக்கு சாமிக்குக் குடை பிடிக்க நாலு சுகந்தி குடுத்த குடும்பத்துக்குப் பரிவட்டம் கட்டினாங்க. கடைக்கு வாங்கறதுக்குப் போன கூட்டம் போயி, வேண்டாம்னு சொல்றதுக்குப் போற கூட்டம் வந்துச்சு. கோகுல்ராம் அதையும் கண்டுபிடிச்சு, இவ்வளவுக்கு மேல சாமான் வாங்கினாத்தான் வேண்டாம்னு சொல்லலாம்னு அட்டை எழுதி மாட்டினான். எங்க ஊர்க்காரங்க அதுக்கும் வரிசையில நின்னாங்க.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, எங்க பள்ளிக்கூடத்து பிரேமா டீச்சர்தான் சொன்னாங்க. ஸ்டோர் ரூம் சாவி வாங்க வந்தவங்க, "மாரி, உம் பொண்ணு எங்க வீட்லதான் இருக்கா, தங்கமான பொண்ணு, ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டேங்கறா"ன்னாங்க. என்னமோ எங்கிட்ட ஆட்டுக்குட்டி வாங்கிட்டுப் போன மாதிரி.

ஆனா எங்க வீட்டுக்கு வந்தவளப் பத்தி யாருக்கு என்ன கவலை? கவுண்டர்ல நின்னவ ராத்திரி வீட்டுக்கு வருவா. வந்தது என் பொண்ணா? வெளிய போன ஒவ்வொருத்தியும் அவகிட்டேர்ந்து ஒண்ண எடுத்துட்டுப் போயிருந்தா. மொதல்ல சிரிப்பு போச்சு, கடைச் சிரிப்பு இல்ல, என்னக் கிண்டல் பண்ணும்போது மூக்கச் சுருக்கிச் சிரிப்பாளே அது. அப்புறம் நாக்கு செத்துப் போச்சு, குழம்புல உப்புப் போட மறந்து வச்சேன், ஒண்ணும் சொல்லாமத் தின்னா. அப்புறம் அவ அப்பன் மூஞ்சி மறந்துச்சு, சுவத்துல இருந்த போட்டோவக் காட்டி இது யாருன்னு கேட்டா. உடம்பு வத்தி வத்தி, அவ ஜன்னல்கிட்ட நின்னா அவளத் தாண்டி அந்தப் பக்கத்துக் கொடியில காயற துணி தெரிஞ்சுது. உக்காருடி உக்காருடின்னு தோளப் பிடிச்சு அமுக்கிப் பாத்தேன், முழங்கால் மடங்கல. ஒருநா ராத்திரி டம்ளர்ல காப்பியக் குடுத்தேன், வாங்கிகிட்டு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா, "போன் நம்பர் சொல்லுங்க மேடம்."

பெத்த தாய மேடம்னா. எனக்கு அழுகை வரல, ஆத்திரந்தான் வந்துச்சு. மறுநா பள்ளிக்கூடத்துல பொங்கற அண்டாவ இறக்கவும் ஆளில்லாம விட்டுட்டு நேரா கடைக்குப் போனேன். கோகுல்ராம் பல்ல இளிச்சுகிட்டு வந்தான்.

"அம்மா, உங்க பொண்ணுதான் எங்க பெஸ்ட் எம்ப்ளாயி. பாருங்க, போட்டோ மாட்டியிருக்கோம்."

"போட்டோவ நீயே வச்சுக்க, எனக்கு என் பிள்ளையத் திருப்பிக் குடு."

"நாங்க எங்கம்மா வச்சிருக்கோம்? கஸ்டமருங்க கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவங்க அந்தப் பொருள வாங்கிக்கிட்டா திரும்பி வந்துடுவா. சரி, வந்தது வந்தீங்க, ஒரு மெம்பர் கார்டு போட்டுக்கலாமே?"

அவன் கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன், பக்கத்துக் கவுண்டர் பிள்ளை கண்ணால கெஞ்சினதால கைய இறக்கினேன். வாங்கிக்கிட்டா வருவாளாம். எவ வாங்குவா? அஞ்சு நிமிஷத்துல ஒரு சென்ட் டப்பாவ வாங்கி அனுப்பிட்டா, அப்புறம் அவ வீட்டுப் பாத்திரத்த எவ தேய்க்கறது?

வழி தெரிஞ்சது பிரேமா டீச்சர் வீட்லதான். ஸ்டோர் ரூம் சாவியத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். கூடத்துல என் பொண்ணு ஒரு கையில பிரஷ்ஷும் ஒரு கையில விளக்குமாறுமா நின்னுகிட்டிருக்கா. உக்காரும்மான்னு நான் சொன்னேன், அசையல. அப்பத்தான் டீச்சரோட மாமனார் மதுரையில கண் ஆபரேஷன் முடிஞ்சு கட்டோட ஆட்டோவுல வந்து இறங்கினாரு. வீட்ல நடக்கற கூத்து எதுவும் அந்த மனுஷனுக்குத் தெரியாது. சுவத்தத் தடவிகிட்டே உள்ள வந்தவரு, ஆள் நிக்கற அரவம் கேட்டு, பழக்கத்துல, வீட்டுக்கு வந்தவங்களக் கேக்கற மாதிரி கேட்டுட்டாரு.

"யாரும்மா அது, நிக்கிறீங்களே, வாங்க, உக்காருங்க."

சுகந்தி கையில இருந்ததக் கீழ வச்சா. மெள்ளச் சோபா ஓரத்துல உக்காந்தா. அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டா பாருங்க, அத நான் இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். மூச்சு முடிஞ்சப்ப அங்க ஆள் இல்ல, பாத்ரூம் பிரஷ்ஷும் விளக்குமாறும்தான் தரையில கிடந்துச்சு.

"மாமா! யாரக் கேட்டு உக்காரச் சொன்னீங்க?"ன்னு டீச்சர் தலையில அடிச்சுகிட்டாங்க. "நாளைக்கு யாரு தண்ணி பிடிக்கறது?"

"வீட்டுக்கு வந்த பொண்ண உக்காரச் சொன்னது ஒரு குத்தமாம்மா?"ன்னு அந்த மனுஷன் கண்ணுல கட்டோட முழிச்சாரு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்த சுகந்தி நின்னுகிட்டே ஒரு வாய் சோறு தின்னுட்டுச் சொன்னா, "உப்பு கம்மியா இருக்கு மேடம்." நான் அடுப்பாங்கரையில போயி முந்தானைய வாயில வச்சுகிட்டு அழுதேன். நாக்கு திரும்பி வந்துருச்சு.

எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும், பால் கணக்குக்காரன் வந்தாக்கூட, வாங்க உக்காருங்கன்னு சொல்ற ஊருதான் எங்க ஊரு. ஒருத்திக்கு மட்டும் யாரும் அதச் சொல்லல, ஏன்னா அவ கடைப் பொண்ணு, கடைப் பொண்ணு நிக்கறதுக்குன்னு பிறந்தவ. அந்த வார்த்தைய வீட்டுக்காரங்க வாயால சொல்லணும், அவ்வளவுதான். ஒரு பைசா செலவில்ல. சரி, சொல்லிடுவாங்கன்னு நினைச்சு வீடு வீடாக் கிளம்பினேன், நான் ஒரு பைத்தியக்காரி.

எனக்கு முன்னால சேதி போயிருந்துச்சு. உக்காரச் சொன்னா காணாமப் போயிடுவான்னு தெரிஞ்சதும், எங்க ஊர்க்காரங்க அந்த வார்த்தையவே நிறுத்திட்டாங்க. வாய் தவறி வந்துடுமோன்னு பயந்து யாரையுமே உக்காரச் சொல்லல. வந்த சம்பந்திய நிக்க வச்சே காப்பி குடுத்தாங்க, துக்கம் கேக்க வந்தவங்கள நிக்க வச்சே அழவிட்டாங்க. நாற்காலி சோபாவையெல்லாம் தூக்கி மச்சுல போட்டாங்க. நிச்சயதார்த்தத் தட்ட நின்னுகிட்டே மாத்தினாங்க. கால் வலிச்சா வலிக்கட்டும், சுகந்தி போயிடக் கூடாது.

மொதல்ல கோமதியம்மா வீட்டுக்குத்தான் போனேன். என் பொண்ணு சென்ட் டப்பாவ இடுப்புல செருகிகிட்டு அரிசி புடைச்சுகிட்டிருந்தா.

"அம்மா, அவள ஒரு வார்த்தை உக்காரச் சொல்லுங்க."

"நான் என்ன அவளக் கட்டியா போட்டிருக்கேன்? அவளா வந்தா, அவளா நிக்கறா."

"அதத்தான் சொல்றேன், உக்காருன்னு ஒரு வார்த்தை."

"இங்க பாரு மாரி, எனக்கு முட்டி வலி. இவ போயிட்டா நீயா வந்து செய்யப் போற? சொல்ல முடியாது, போ."

மூணாவது தரமும் கேட்டேன். முடியாதுன்னு சொல்லிட்டு அந்தம்மா டிவி சத்தத்தக் கூட்டினாங்க. சரி போய்த் தொலைன்னு திரும்பி வாசப்படி இறங்கினேன். இறங்கினது நாந்தான். ஆனா கோமதியம்மா வீட்டுக் கூடத்துல, டிவிக்கு முன்னால, இடுப்புல கைய வச்சுகிட்டு நின்னதும் நாந்தான். வலி கிலி ஒண்ணும் இல்ல. மூணு தரம் கேட்டும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, இனி விடறதில்லன்னு மனசு நினைச்சுது, உடம்பு அதக் கேட்டுக்கிச்சு, அவ்வளவுதான்.

அன்னிக்கு எல்லா வீட்டுக்கும் போனேன், எல்லா வீட்லயும் முடியாதுன்னாங்க, எல்லா வீட்லயும் நின்னேன். என் பொண்ணுகிட்டேர்ந்து ஒவ்வொருத்தியும் ஒண்ண எடுத்துட்டுப் போனா, எங்கிட்டேர்ந்து எடுத்துட்டுப் போக கோவம் ஒண்ணுதான் இருந்துச்சு, அது அள்ள அள்ளக் குறையல. சுகந்தி சிரிச்சுகிட்டு நின்னா, அதனால அவள வச்சுக்க முடிஞ்சுது. நான் சிரிக்கல. வெங்காயம் உரின்னு குடுத்தா, ஏன், உங்கையில என்ன வாதமான்னு கேட்டேன். சாப்பிட உக்காந்தா தட்டுக்கு முன்னால போயி நின்னேன், "நீ மட்டும் உக்காந்து திங்கிற, என் பிள்ளை நிக்கிறா, தொண்டையில இறங்குதா உனக்கு?" முந்நூறு பிள்ளைங்களுக்கு மேல கத்தின தொண்டை, ஒரு கூடம் தாங்குமா? சீரியல்ல ஒரு வசனம் கேக்க முடியல, போன் பேச முடியல, பக்கத்து வீட்ல போயி ஒதுங்கலாம்னா அங்கயும் நாந்தான் நின்னேன். ஊர் கூடி நாட்டாமைகிட்டப் போனாங்க, நாட்டாமை வீட்லயும் நான் நின்னுகிட்டிருந்ததால அவர் கும்பிட்டு அனுப்பிட்டாரு.

மொதல்ல வழிக்கு வந்தது கோமதியம்மாதான். காதப் பொத்திகிட்டு, அழுதுகிட்டு, "தாயே, உக்காருங்க, ரெண்டு பேரும் உக்காருங்க, எனக்கு என் வீட்டக் குடுங்க"ன்னாங்க. சோபா மச்சுல இருந்ததால தரையில உக்காந்தோம், என் பொண்ணும் நானும், தோளோட தோள். அப்பாடான்னோம். அந்த ஒரு வீடு சொன்னதும் அடுத்த வீடு, அதுக்கடுத்த தெரு, ஒவ்வொரு கூடமா உக்காருங்க உக்காருங்கன்னு சத்தம் கேட்டுகிட்டே போச்சு. கோயில் குடையெல்லாம் தரையில கிடந்துச்சு. கரண்ட் ஆபீஸ் வரிசையில திடீர்னு ஆளக் காணோம்.

என் பொண்ணு சதை பிடிச்சா. ஜன்னல்கிட்ட நின்னா இப்ப ஜன்னல் மறைஞ்சுது. போட்டோவப் பாத்து அப்பான்னா. ஆனா முழங்கால் மட்டும் மடங்கல, எனக்கு மேடம்னுதான் பேரு. ஏன்னா கவுண்டர்ல நின்னவ இன்னும் நின்னுகிட்டிருக்கா, அவள உக்காரச் சொல்ல வேண்டியவன் வேற.

கடைக்குப் போயி ஒரு தீப்பெட்டி எடுத்துகிட்டு சுகந்தி கவுண்டர்ல வரிசையில நின்னேன். என் முறை வந்ததும், "முதலாளியக் கூப்பிடு"ன்னேன். மாடியிலேர்ந்து இறங்கி வந்தாரு, வெள்ளை வேட்டி, நெத்தியில சந்தனம்.

"என் பொண்ண உக்காரச் சொல்லுங்க."

"அது கடை ரூல்ஸ்மா. ஒருத்திய உக்காரச் சொன்னா நாளைக்கு எல்லாரும் உக்காருவாங்க."

"உக்காரட்டும், உங்க மாடி இடிஞ்சா விழுந்துரும்?"

"கஸ்டமர் வரும்போது உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதும்மா."

"நான் கஸ்டமர்தான். இதோ தீப்பெட்டி. நான் சொல்றேன், எனக்கு மரியாதைக் குறைச்சல் இல்ல, உக்காரச் சொல்லுங்க."

முடியாதுன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாரு. நான் தீப்பெட்டிய வச்சுட்டு வெளிய வந்தேன். நான் அங்கயே நின்னேன். மறுபடி உள்ள போயி மறுபடி கேட்டேன், மறுபடி நின்னேன். பருப்பு சந்துல நின்னேன், சோப்பு சந்துல நின்னேன், மாடிப்படியில படிக்கு ஒருத்தியா நின்னேன், முதலாளி ரூம் கதவத் திறந்தா கதவுக்குப் பின்னாலயும் நான். வாங்க வந்தவங்க தள்ளுவண்டிய உருட்ட வழியில்ல. கோகுல்ராம் எனக்கும் எனக்கும் நடுவுல மாட்டிகிட்டு, பழக்க தோஷம், ஒருத்திகிட்ட சென்ட் டப்பாவ நீட்டி ஆஃபர்ல இருக்கும்மான்னான். கடை பூரா இருந்த நான் அத்தனை பேரும் ஒரே குரல்ல வேண்டாம்னு சொன்னோம். மேல் மாடிக் கண்ணாடி அதிர்ந்துச்சு. அவன் அதுக்கப்புறம் ரெண்டாந்தரம் கேக்கல.

சொல்லிக் கொஞ்ச நேரத்துல முதலாளி படியில என்னையெல்லாம் விலக்கிகிட்டு இறங்கி வந்தாரு. சந்தனம் வேர்வையில வழிஞ்சிருந்துச்சு. சுகந்தி கவுண்டர்கிட்ட வந்து நின்னு, தரையப் பாத்து, "உக்காரும்மா"ன்னாரு.

உக்கார எதுவும் இல்ல. அத்தனை பெரிய கடையில, மூணு மாடியில, பில்லு போடற இடத்துல உக்காரன்னு ஒரு பொருள் கிடையாது. சுகந்தி நின்னபடியே இங்கயும் அங்கயும் பாக்கறா. கோகுல்ராம் ஓடறான், குடோன்ல தேடறான், அட்டைப்பெட்டியத் தூக்கிட்டு வர்றான். நான் அத எட்டி உதைச்சேன். கடைசியில முதலாளி ரூம்லேர்ந்து அவரோட சுத்தற நாற்காலிய நாலு பேரு படியில தூக்கிகிட்டு இறங்கினாங்க. அதக் கவுண்டருக்குப் பின்னால வச்சாங்க. என் பொண்ணு கைப்பிடியத் தொட்டுப் பாத்தா, முழங்கால் மடங்கிச்சு, உக்காந்தா. அக்கம்பக்கத்துக் கவுண்டர் பிள்ளைங்க பில்லு போடறத நிறுத்திட்டுப் பாத்துகிட்டிருந்தாங்க.

"அம்மா"ன்னா. "கால் வலிக்குதும்மா."

நான் தரையில உக்காந்து அவ செருப்பக் கழட்டினேன். பாதம் வீங்கி வார் பதிஞ்சிருந்துச்சு. முதலாளி கடை முன்னால அத்தனை பேர் பாக்க அவ காலப் பிடிச்சுவிட்டேன், எனக்கென்ன வெக்கம். அப்புறம் எந்திரிச்சு, அவளத் தோள்ல தாங்கிகிட்டு வெளிய கூட்டிட்டு வந்தேன். கடையில நின்ன நானெல்லாம் ஒவ்வொருத்தியா எங்கூட வந்து சேர்ந்துட்டேன். ஒருத்திய மட்டும் கூப்பிட்டுக்கல. மத்த கவுண்டர்ப் பிள்ளைங்களுக்கு ஸ்டூல் வர்ற வரைக்கும் நிக்கட்டும்னு கோகுல்ராம் பக்கத்துல விட்டுட்டு வந்தேன். இன்னிக்கும் அங்க போனீங்கன்னா பாக்கலாம், பேச்சுக் குடுத்துராதீங்க, திட்டுவா.

வீட்டுக்கு வந்ததும் தோசை ஊத்தினேன். சுகந்தி அடுப்புக்குப் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உக்காந்தா. ஒண்ணு தின்னா, சட்னி காரம்னா, ரெண்டு தின்னா, தோசைக்கல்ல விட உன் கையிலதாம்மா மாவு ஜாஸ்தின்னு மூக்கச் சுருக்கிச் சிரிச்சா. மூணாவதத் திருப்பிப் போட்டுகிட்டே, இன்னொண்ணு ஊத்தவான்னு கேட்டேன்.

"வேண்டாம்மா."

வாய் வரைக்கும் வந்துருச்சு. எந்தத் தாய்க்கு வராது? இளைச்சுக் கிடக்கியே, ஒண்ணே ஒண்ணு, அம்மாவுக்காகன்னு நாக்கு நுனியில நிக்குது. நிமிந்து பாத்தேன். என் பொண்ணு தட்டுக்கு மேல கைய விரிச்சு வச்சுகிட்டு, நான் என்ன கேக்கப் போறேன்னு என் மூஞ்சியவே பாத்துகிட்டிருந்தா.

நான் அடுப்ப அணைச்சேன்.